கத்த வேண்டிய பீஸ்

என் அண்ணியை எங்கள் கம்பெனியில் எல்லோரும் ‘சந்தேகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. “சந்தேகம் வந்தாச்சா?” “சந்தேகம் டீ குடிச்சாச்சா?” அவளும் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்வாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். நான் பேக்கிங்கில் இருக்கிறவள், வாய் எனக்குக் கொஞ்சம் நீளம். பெயர் வைத்தவர்களை நான் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்த பிறகு அண்ணி மெதுவாகக் கேட்பாள், “அவங்க சொல்றதுல என்னடி தப்பு? எனக்குச் சந்தேகம் உண்டுதானே?” இப்படிப்பட்டவளுக்காக யாராவது வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவார்களா? நான் போனேன். வருஷக்கணக்காகப் போனேன்.

நாங்கள் செய்வது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, கம்ப்யூட்டர் தாங்குகிற அளவுக்குக் குறைத்துக் கொடுக்கிற தகரப் பெட்டி. பின்பக்கம் சின்னதாக ஒரு ஃபேன் சுற்றுமே, அதுதான். நீளமான கொட்டகை, நீளமான மேஜை. ஒரு முனையில் போர்டைப் பெட்டிக்குள் வைத்து மூடுவார்கள். மறுமுனையில் நான் அதை அட்டைப் பெட்டியில் போட்டு ஒட்டுவேன். நடுவில் இரண்டு சோதனை. முதலாவது அண்ணியுடையது. இரண்டாவது லோடு ரூமில். அங்கே பெட்டியை நிஜமாகவே கரண்டில் மாட்டி, முழுப் பாரத்தையும் ஏற்றி, சொன்ன வோல்டேஜ் ஆடாமல் வருகிறதா, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள்.

அண்ணியின் சோதனை உயிர் சம்பந்தப்பட்டது. வீட்டுக்கு வரும் வோல்டேஜைவிடப் பல மடங்கு அதிகமாக அந்த மெஷின் பெட்டிக்குள் ஏற்றும். உள்ளே இருக்கும் கரண்ட் வெளித் தகரத்துக்குக் கசிகிறதா என்று பார்க்கும். கசிந்தால் சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் கத்தும். சாதாரணக் கத்தல் இல்லை, காதைக் கிழிக்கும். கசியாவிட்டால் பச்சை விளக்கு. போர்டுக்கும் தகரத்துக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் ஒன்று வைப்பார்கள். அதை வைக்க மறந்தால் போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் தகரத்தில் பட்டுவிடும். அப்புறம் தொட்டவன் கதி அவ்வளவுதான்.

இந்தச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு. மெஷினிலிருந்து வருகிற ஒயர் நடுவில் அறுந்து போயிருந்தாலும் பச்சைதான் எரியும். பெட்டிக்குள் கரண்டே போகவில்லை, பிறகு எங்கே கசிய? நல்ல பெட்டியும் பாஸ், கெட்ட பெட்டியும் பாஸ். அதனால் தினமும் காலையில் லைன் ஓடுவதற்கு முன்னால், வேண்டுமென்றே ஷீட்டை எடுத்துக் கெடுத்து வைத்த ஒரு பெட்டியை மாட்டிப் பார்க்க வேண்டும். மெஷின் கத்த வேண்டும். கத்தினால்தான் மெஷின் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கெட்ட பெட்டிக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்து, அண்ணி தன் மேஜையில் தனியாக ஒரு ரப்பர் விரிப்பின்மேல் வைத்திருப்பாள். எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் ‘மாப்பிள்ளை’. ஒரு வேலைக்கும் ஆகாது, ஆனால் தனி இருக்கை, தனி மரியாதை. “மாப்பிள்ளை கத்தியாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார்கள்.

“எல்லாத்துக்கும் பச்சை காட்டற மெஷின வெச்சுக்கிட்டு நாக்கு வழிக்கவா?” என்பாள் அண்ணி. அவளுக்கு அந்தச் சிவப்புப் பெட்டிமேல் ஒரு பிரியம். தினமும் அதைத் துணியால் துடைப்பாள்.

என் அண்ணனை அவள் கட்டிக்கொண்ட கதையும் இதே லட்சணம்தான். அண்ணனுக்கு வேலை ரிப்பேர் பகுதியில். சோதனையில் தோற்ற பெட்டிகள் கூடையில் அவனிடம் வரும், சரி பண்ணி அனுப்புவான். கம்பெனியில் அவன் பெயர் ‘பத்து நிமிஷம்’. யார் எதை உடைத்துக்கொண்டு வந்து நீட்டினாலும், “பத்து நிமிஷம் குடு, சரி பண்ணிடறேன்” என்பான். பத்து நிமிஷம் பத்து நாளாகும், அது வேறு விஷயம். ஆனால் சரியாகிவிடும். கெட்டுப்போன சாமான் கண்ணில் பட்டால் அவனுக்குக் கை நிற்காது. அப்பேர்ப்பட்டவன் இவள்மேல் ஆசைப்பட்டு, நேரில் சொல்ல வாய் வராமல் என்னைத் தூது அனுப்பினான்.

போய்ச் சொன்னேன். அவள் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டே கேட்டாள், “உங்கண்ணன் எதுக்காவது முடியாதுன்னு சொல்லி நீ கேட்டிருக்கியா?”

“சேச்சே. தங்கமான மனுஷன். யார் என்ன கேட்டாலும் சரின்னுதான் சொல்வான்.”

“அதான்டி பயமா இருக்கு.”

எனக்கு வந்ததே ஆத்திரம்! இவள் பெரிய மகாராணி, என் அண்ணனில் குறை கண்டுபிடிக்கிறாளாம். அண்ணனிடம், “இவ வேண்டாம், விட்டுத் தொலை” என்றேன். அவன் கேட்டால்தானே. மறுநாள் அவளே தன் வீட்டிலிருந்து ஒரு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தாள். உள்ளே முழுக்கக் கருகிப்போனது. அதை வைத்துக்கொண்டு அவன் பட்ட பாடு இருக்கிறதே, சோறு தண்ணி இறங்கவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்துவிட்டு, செத்த குரலில், “முடியலம்மா. இது ஆகாது” என்றான். அவள் சிரித்துவிட்டாள். “இப்ப நம்பறேன். கட்டிக்கலாம்” என்றாள்.

நன்றாகத்தான் குடும்பம் நடத்தினார்கள். இரண்டு அறை வீடு. எங்கே பார்த்தாலும் அடுத்த வீட்டுக்காரர்களின் இஸ்திரிப் பெட்டியும் ரேடியோவும் வயிற்றைத் திறந்தபடி கிடக்கும். சொந்த வீட்டுக் குழாய் மட்டும் ஒழுகிக்கொண்டே இருக்கும். அண்ணி காஸை மூடிவிட்டு, வாசல் வரை போய், திரும்பி வந்து மறுபடி பார்ப்பாள். மகள் பரீட்சை எழுதிவிட்டு வந்து, “நல்லா எழுதியிருக்கேம்மா” என்றால் போதாது. “எதைத் தப்பா எழுதினே, அதைச் சொல்லு. அப்பதான் நல்லா எழுதினேன்னு நம்புவேன்” என்பாள். பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு அப்பாவிடம் ஓடும். அவன், “உங்கம்மா அப்படித்தான், என்னையே ஃபெயிலாக்கிப் பாத்துத்தான் பாஸ் போட்டா” என்று சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் கேட்கிறது. கேட்காமல் இருந்தால் தேவலை.

அந்த நாளுக்கு வருகிறேன். வராமல் முடியாது.

மாப்பிள்ளைக்கு அடித்த சிவப்பு பெயிண்ட் கை பட்டுப் பட்டு முழுக்க உரிந்துபோயிருந்தது. புது பெயிண்ட் வேண்டும் என்று அண்ணி ஸ்டோரில் கேட்டுக்கொண்டே இருந்தாள், வந்தபாடில்லை. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி வைத்தாள். சோதனையில் தோற்று ரிப்பேருக்குப் போகிற பெட்டிகளுக்கு ஒட்டுவதும் அதே ஸ்டிக்கர்தான். ஒரு சாயங்காலம் மேஜையைத் துடைக்க வந்த பெண் ஸ்டிக்கரைப் பார்த்தாள், தூக்கி ரிப்பேர் கூடையில் போட்டுவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கூடை அண்ணனிடம் போயிற்று. திறந்தான், உள்ளே ஷீட் இல்லை. விடுவானா? ஒரு ஷீட்டை வெட்டி, அளவு பார்த்து வைத்து, மூடி, ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, மற்ற பெட்டிகளோடு அண்ணியின் மேஜைக்கே திருப்பி அனுப்பிவிட்டான்.

மறுநாள் காலையில் அண்ணி மாப்பிள்ளையைத் தேடினாள். மூலையில் நசுங்கின ஒரு சொட்டை இருக்கும், அதை வைத்து அடையாளம் கண்டுபிடித்தாள். ஸ்டிக்கர் விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மாட்டினாள். பச்சை. கழற்றி மறுபடி மாட்டினாள். பச்சை. எழுந்து நின்றுவிட்டாள்.

“சார், மாப்பிள்ளை கத்தல. லைன ஓட்டாதீங்க.”

சூப்பர்வைசர் ஓடி வந்தார். “என்னம்மா சொல்றே? வெளிய லாரி நிக்குது.”

“நிக்கட்டும் சார். மெஷின்ல ஏதோ இருக்கு.”

கொட்டகை முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அப்போது ரிப்பேர் பகுதியிலிருந்து அண்ணன் வந்தான், காதில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு. பெட்டியைப் பார்த்தான். சொட்டையைப் பார்த்தான். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

“அய்யய்யோ, இதுவா மாப்பிள்ளை? நேத்து கூடையில கெடந்துச்சும்மா. உள்ள ஷீட் இல்ல. நான்தான் வெச்சு சரி பண்ணிட்டேன்.”

கொட்டகை சிரித்தது பாருங்கள், கூரை பெயர்ந்துவிடும் போல. “பத்து நிமிஷம் மாப்பிள்ளைக்கே வைத்தியம் பாத்துட்டாருடோய்!” என்று யாரோ கத்தினார்கள். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சூப்பர்வைசருக்கே சிரிப்பு வந்துவிட்டது. போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. “அப்ப மெஷின்ல ஒண்ணும் இல்ல. உட்காருங்க, உட்காருங்க.”

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. “பெட்டி நல்லாயிருச்சு, சரி. மெஷின் நல்லா இருக்குன்னு யார் சொன்னது?”

“நேத்து கத்துச்சுல்லம்மா?”

“அது நேத்து சார். வேற ஒரு பெட்டியத் திறந்து ஷீட்ட எடுத்துட்டு மாட்டிப் பாக்கறேன். பத்து நிமிஷம் குடுங்க.”

சூப்பர்வைசர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். லாரி நின்றது, மேலிடத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, அவருக்கும் பிள்ளை குட்டி இருந்தது. அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா, நீ பண்ணது சரியான ரிப்பேர்தானே?”

“சரியாத்தான் சார் பண்ணேன்.”

“அப்ப பச்சை வந்தது நியாயம்தானே? உன் பொண்டாட்டிக்கு நீயே சொல்லு.”

அண்ணனுக்குத் தன்னால் நாலு பேர் காத்து நின்றால் தாங்காது. அவள் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தி என்ன, எல்லோருக்கும் கேட்டது. “என்னாலதான் எல்லாரும் நிக்கறாங்கம்மா, மானம் போகுது. நான் சரி பண்ணேன், அதான் கத்தல. என் கைய நீயே நம்பலன்னா எப்படி? பத்து நிமிஷம் எதுக்கு?”

ஊரில் இருக்கிறவனிடம் எல்லாம் பத்து நிமிஷம் கேட்டவன். அவள் கேட்டபோது இப்படிச் சொன்னான்.

அவள் அவனைப் பார்த்தாள். அந்த இடத்தில் முடியாது என்று சொன்னால், இத்தனை பேர் முன்னால் புருஷன் கையை நம்பவில்லை என்று ஆகிவிடும். “சரி” என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு ‘சரி’ அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

“நீ இங்க நின்னு வேடிக்கை பாக்காத. லோடு ரூம்ல இன்னிக்கு ஆள் இல்ல. நீ பண்ணின லேட்ட நீயே போய் சரி பண்ணு” என்றார் சூப்பர்வைசர். அண்ணன் சந்தோஷமாகவே கிளம்பினான். போகிற போக்கில் அவளிடம் சொன்னான், “கோவிச்சுக்காத. சாயங்காலம் உனக்கு ஒரு கெட்ட பீஸ் நானே பண்ணித் தரேன். நல்லா கத்தற மாதிரி.”

பச்சை, பச்சை, பச்சை. பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அண்ணி ஒவ்வொரு பச்சையையும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மெஷினின் ஒயர் ரப்பர் உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. முந்தின நாள் அறுந்ததா, அன்றைக்குக் காலையில் அறுந்ததா, யாருக்குத் தெரியும்? அன்றைக்கு வந்த பெட்டிகளில் ஒன்றில் ஷீட் வைக்க மறந்திருந்தார்கள். எப்போதாவது நடப்பதுதான், அதற்குத்தானே சோதனை. அது பச்சை வாங்கிக்கொண்டு லோடு ரூமுக்குப் போயிற்று. லோடு ரூமில் எர்த் ஒழுங்காக இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், அவ்வளவோடு முடிந்திருக்கும். ஆனால் அங்கே ஆயிரக்கணக்கான பெட்டிகளில் சொருகிச் சொருகி உருவின ஒயர் அது, அதன் எர்த் பின் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இரும்பு ரேக்கைப் பிடித்தான்.

பேக்கிங்குக்குப் பக்கத்து அறைதான் லோடு ரூம். ஏதோ விழுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தது நான்தான். என் கூடப் பிறந்தவன். அவனை அப்படிப் பார்த்தேன். நான் போட்ட அலறலில் எல்லோரும் ஓடி வந்தார்கள். நான் அவன்மேல் விழப் போனேன். அண்ணி என்னை முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தள்ளிவிட்டு, முதலில் மெயின் ஸ்விட்சை இறக்கினாள். பிறகுதான் அவனைத் தொட்டாள். நெஞ்சை அமுக்கினாள், அமுக்கிக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரி வண்டியில் வந்தவர்கள்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

அவள் அழவில்லை. புருஷன் விழுந்து கிடக்கிறான், இவள் ஸ்விட்சைத் தேடிப் போனாள், கல்நெஞ்சுக்காரி என்று இரண்டு பேர் பேசினார்கள். என்னை உயிரோடு வைத்தது அந்தக் கல்நெஞ்சுதான் என்று அவர்களுக்கு நான் வாயாலேயே புரிய வைத்தேன்.

விசாரணை நடந்தது. அனுமதி இல்லாமல் அண்ணன் மாப்பிள்ளையில் கை வைத்ததுதான் காரணம் என்றார்கள். சூப்பர்வைசரை எங்கேயோ மாற்றினார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தெருவில் பேச்சு வேறு மாதிரித் திரிந்தது. ‘பத்து நிமிஷம்’ அந்தப் பெட்டியை அரைகுறையாக ரிப்பேர் பண்ணினானாம், அதே பெட்டி அவனை அடித்துவிட்டதாம். எதற்கும் எதற்கும் முடிச்சுப் போடுகிறார்கள் பாருங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை அழுதுகொண்டு வந்தது. “அப்பா தப்பா ரிப்பேர் பண்ணாராம்மா?” அண்ணி பதில் சொல்லவில்லை. தெரியாததை அவள் எப்போதும் சொன்னதில்லை.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது என்னிடம் மட்டும் சொன்னாள். “அவரு வந்து உண்மையச் சொல்லாம இருந்திருந்தா, நான் லைன நிறுத்தியிருப்பேன்டி. ஒயரக் கண்டுபிடிச்சிருப்பேன். நேர்மையா வந்து ஒத்துக்கிட்டாரு, அதுல போயிட்டாரு.” நான் கை கழுவ எழுந்துவிட்டேன்.

அவள் திரும்ப வேலைக்குப் போகிறேன் என்றபோது நான் குதித்தேன். “அந்த மெஷின் முன்னாடி எப்படி உக்காருவே? உனக்குப் பைத்தியமா?”

“வேற யாராச்சும் அங்க உக்காந்தா எனக்குத் தூக்கம் வராது.”

அவள் திரும்பி வந்த காலையில் மெஷினுக்குப் புது ஒயர் போட்டிருந்தார்கள், லோடு ரூமுக்கும் புது ஒயர். சூப்பர்வைசரும் புதுசு, சின்ன வயசுக்காரர். விசாரணை முடிந்து மாப்பிள்ளையும் பாலிதீன் பையில் திரும்பி வந்திருந்தது, அண்ணன் மூடி வைத்தது மூடினபடி. அண்ணி அதைத் தொடவில்லை. முதலில் ஒரு புதுப் பெட்டியைத் திறந்தாள், ஷீட்டை எடுத்தாள், மாட்டினாள். மெஷின் கத்தியது. நிறுத்திவிட்டு, ஷீட்டைத் திருப்பி வைத்து மூடி, மறுபடி மாட்டிப் பச்சை வாங்கி, அதைத் தள்ளி வைத்தாள். மெஷின் நன்றாக இருக்கிறது.

அதன் பிறகு பையைப் பிரித்து, சொட்டை விழுந்த அந்தப் பெட்டியை எடுத்து மாட்டினாள். யாரும் அசையவில்லை.

பச்சை.

இன்னொரு தடவை மாட்டினாள். பச்சை.

எங்கள் பக்கம் திரும்பினாள். “எல்லாரும் பாத்துக்கோங்க. அவரு சரியாத்தான் பண்ணியிருக்காரு.” பிறகு என்னிடம், “பிள்ளைகிட்ட நீயும் பாத்தேன்னு சொல்லு” என்றாள்.

புது சூப்பர்வைசர் பக்கத்தில் வந்தார். “அதை நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கம்மா. மாப்பிள்ளைக்கு நாம வேற பெட்டி பாத்துக்கலாம்.” நல்ல மனசோடுதான் சொன்னார். நானும் அதைத்தான் நினைத்தேன். அவன் கை கடைசியாகச் சரி பண்ணின சாமான்களில் ஒன்று, வீட்டில் இருக்கட்டுமே.

அண்ணி அதை மடியில் வைத்துத் துணியால் துடைத்தாள். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

“வேண்டாம் அண்ணி” என்றேன்.

“சாயங்காலம் கெட்ட பீஸ் பண்ணித் தரேன்னாரு. அந்த வேலை பாக்கி இருக்குடி.”

மூடியைக் கழற்றினாள். போர்டைத் தூக்கினாள். அடியில் அண்ணன் வெட்டி வைத்த ஷீட் இருந்தது. நாலு மூலையையும் கத்தரியால் வட்டமாக நறுக்கியிருந்தான், அடுத்து திறக்கிறவர்கள் கையில் குத்தக் கூடாதாம். அதை உருவி என் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியை மூடினாள். மாட்டினாள்.

கத்தியது.

கத்தினால் உடனே பட்டனை அமுக்கி நிறுத்த வேண்டும், அதுதான் முறை. அவள் அமுக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிய எரிய அது கத்திக்கொண்டே இருந்தது. சூப்பர்வைசர் பட்டனுக்குக் கையை நீட்டினார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். அத்தனை சத்தத்துக்கு அடியில் அண்ணி வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே அவள் குரல் கேட்கவில்லை, முகம் மட்டும்தான் தெரிந்தது. கத்தட்டும் சார், என்று நான் சொன்னதும் அவருக்குக் கேட்டிருக்காது.

பிறகு அவளே பட்டனை அமுக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெட்டியை ரப்பர் விரிப்பின்மேல் அதன் இடத்தில் வைத்தாள்.

“கத்தியாச்சு. உட்காருங்க” என்றாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம்.